“திங்கள் வரை வரமாட்டேன்” – அலுவலக ஆங்கிலத்தில் நாம் இடறும் இடங்கள்



நமது சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து, பந்திப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த நேரம். மூணாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து தம் கைப்பேசியை நீட்டினார். “ஐயா, நீங்க ரயில்வேல இருந்தவருன்னு சொன்னாங்க. இந்த மெசேஜ்ல என்ன தப்புன்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார். பத்தாம் வகுப்பு வரை எஸ்டேட்டுப் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிக்கூடம், பிறகு டிப்ளமோ, இப்போது கொச்சியில் ஒரு கம்பெனியில் வேலை. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

தங்கைக்குக் கல்யாணம். வியாழக்கிழமை ஊருக்குப் புறப்படும் முன் தம் மேலதிகாரிக்கு இப்படி அனுப்பியிருக்கிறார்: “சார், மை சிஸ்டர் மேரேஜ். ஐ வில் நாட் கம் டில் மண்டே.” அவரிடமிருந்து “ஓகே” என்று பதில் வந்தது. நம் தம்பி கல்யாண வேலையெல்லாம் முடித்து, திங்கட்கிழமை மறுவீட்டு விருந்துக்கும் இருந்துவிட்டு, செவ்வாய் காலையில் வேலைக்குப் போனார். மேசை மேல் மெமோ காத்திருந்தது. திங்கட்கிழமை அவர் பொறுப்பில் இருந்த மெஷினைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்களாம். சொல்லாமல் வராமல் நின்றுவிட்டார் என்று கூறி, அவருடைய தகுதிகாண் பருவத்தை மேலும் மூன்று மாதம் நீட்டிவிட்டார்கள்.

“திங்கள் வரை வரமாட்டேன்னு தெளிவா எழுதியிருக்கேனே ஐயா” என்றார். கண் கலங்கியிருந்தது.

அவர் நினைத்தது தமிழில் சரி. “திங்கள் வரை வரமாட்டேன்” என்றால் நம் காதுக்குத் திங்களும் சேர்த்துத்தான். செவ்வாய்க்கிழமை ஆளைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் “ஐ வில் நாட் கம் டில் மண்டே” என்றால் வராமல் இருப்பது ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. திங்கள் காலை ஆள் வந்து நிற்க வேண்டும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே வாக்கியத்தை ஒருவர் தமிழில் எழுதினார், மற்றவர் ஆங்கிலத்தில் படித்தார்.

அவருக்குச் சொன்னதை நம் பிள்ளைகள் எல்லாருக்குமாக எழுதித் தாருங்கள் என்று சங்க நிர்வாகிகள் கேட்டுக்கொண்டதன் பேரில் இந்தப் பாடம். நான் ஆங்கில இலக்கியம் படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமோ முடித்து, 1980-இல் தென்னக ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, 38 ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் லைன் ஓரத்தில் கற்றது. ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வீட்டிலுள்ள பெரியவர்களும் உரக்க வாசித்துப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கலாம் அல்லவா?

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பிறர் தவறைத் திருத்த வருகிறவன் அப்படித் தொடங்குவதுதான் முறை.

1983 அல்லது 84 என்று நினைவு. தண்டவாளத் துண்டுகளை ஏற்றிச் செல்லும் டிப் லாரி ஒன்றை கேங்மேன்களோடு தள்ளிக்கொண்டு போனோம். ரோட்டில் ஓடும் லாரி என்று நினைக்க வேண்டாம். தண்டவாளத்தின் மேல் உருளும் தட்டையான வண்டிக்கு எங்கள் பிரிவில் அதுதான் பெயர். அதற்காக அந்தப் பகுதியில் ரயில்களை நிறுத்தி, இரண்டு மணி நேரம் லைன் பிளாக் வாங்கியிருந்தோம். பாதி வழியில் ஒரு சக்கரத்தின் பேரிங் இறுகிவிட்டது. லாரி நகரவில்லை. பாரத்தை இறக்கினால்தான் லாரியைத் தூக்கி ஓரம் வைக்க முடியும். நான் ஓடிப்போய் லெவல் கிராஸிங் கேட்டில் இருந்த போனில் ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஆங்கிலோ-இந்தியர். போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு ஆங்கிலம்தான் தாய்மொழி. என் குரலைக் கேட்டதும், “லாரி நாட் ரிமூவ்டு?” என்றார்.

“எஸ் சார்” என்றேன்.

நான் சொன்னது, “ஆமாம் சார், இன்னும் எடுக்கவில்லை.” அவர் காதில் விழுந்தது, “எடுத்தாயிற்று.” சில விநாடி பேச்சில்லை. பிறகு அவர் கேட்டார், “வாட் எஸ், மேன்? டெல் மீ த ஃபுல் சென்டன்ஸ்.” நான் தடுமாறி, “லாரி இஸ் ஸ்டில் ஆன் த லைன், சார்” என்றேன். அவர் அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது எனக்குப் போனிலேயே கேட்டது.

லாரியை எடுத்துவிட்டோம் என்று எழுத்தில் வராமல் அவர் எந்த வண்டியையும் விட்டிருக்க மாட்டார். விதி அப்படி. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் நேரில் போனபோது என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். “எஸ், நோ என்கிற இரண்டு சொல்லை லைன் விஷயத்தில் என்னிடம் சொல்லாதே. நடந்ததை முழு வாக்கியமாகச் சொல்” என்றார். பிறகு வாரம் ஒரு நாள் என் ரிப்போர்ட்டுகளைச் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுப்பார். அவர்தான் என் ஆங்கில வாத்தியார்.

இதிலுள்ள இலக்கணம் இதுதான். தமிழில் “சாப்பிடவில்லையா?” என்று கேட்டால், சாப்பிடாதவர் “ஆமாம், சாப்பிடவில்லை” என்பார். கேட்டவர் நினைத்தது சரி என்று ஒப்புக்கொள்வது நம் “ஆமாம்”. ஆங்கிலத்தில் “எஸ்” கேள்வியைப் பார்ப்பதே இல்லை, நடந்ததைப் பார்க்கும். நடந்திருந்தால் “எஸ்”, நடக்கவில்லையானால் “நோ”. “டிடின்ட் யூ கெட் த மெயில்?” என்று கேட்டால், கிடைக்காதவர் “நோ, ஐ டிடின்ட்” என்றுதான் சொல்ல வேண்டும். மலையாளத்திலும் தெலுங்கிலும் நம்மைப் போலத்தான் என்பதால், நமக்குள் பேசிக்கொள்ளும்போது இந்தத் தவறு வெளியே தெரியாது. வேறு நாட்டு ஆளோடு பேசும் நாளில் தெரியும். ஆகவே என் ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னதே வழி: “ஐ ஹேவ் நாட் ரிசீவ்டு இட்” என்று முழுதாக எழுதிவிடுங்கள். எஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம்.

தாய்மொழி இப்படி ஆங்கிலத்துக்குள் புகுந்துவிடுவது நம்மவருக்கு மட்டும் உள்ள குறை என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு விமானங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. டச்சு விமானத்திலிருந்து வந்த செய்தி, “வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்” என்பது. கோபுரத்தில் இருந்தவர், புறப்படும் இடத்தில் நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். அவர்களோ ஓடத் தொடங்கிவிட்டார்கள். ஒரு செயல் நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல, டச்சு மொழியில் “அட்” போன்ற ஒரு சொல்லைப் போட்டுப் பேசுவது வழக்கம். அந்த வழக்கம்தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிட்டது என்று மொழி அறிஞர்கள் சிலர் விளக்குகிறார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. கோபுரத்திலிருந்து முதலில் போன சொல் என்ன தெரியுமா? “ஓகே.” அதன் பின் சொன்ன முக்கியமான வார்த்தைகள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியதால் இரைச்சலில் அடிபட்டுப் போயின. அதற்குப் பிறகு, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர “டேக்-ஆஃப்” என்ற சொல்லையே கோபுரம் வாயில் எடுப்பதில்லை என்ற வழக்கம் வந்தது. நம் தம்பிக்கும் “ஓகே” என்றுதானே பதில் வந்தது! எது ஓகே என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இனி நாள், நேரம். அலுவலகச் செய்திகளில் நம்மவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான் என்பது என் அனுபவம். தமிழில் “வரை”, “குள்” என்று இரண்டு உண்டு. “வெள்ளி வரை வேலை நடக்கும்” என்றால் வேலை தொடர்ந்து நடக்கிறது. “வெள்ளிக்குள் வேலை முடியும்” என்றால் அதுதான் கெடு. ஆங்கிலத்தில் முதலாவதற்கு “டில்” அல்லது “அன்டில்”; இரண்டாவதற்கு “பை”. நம் பிள்ளைகள் இரண்டுக்கும் “டில்” போட்டுவிடுகிறார்கள். “ஐ வில் செண்ட் த ரிப்போர்ட் டில் ஃப்ரைடே” என்று எழுதினால், வெள்ளிக்கிழமை வரை தினமும் அந்த ரிப்போர்ட்டை அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்பது போலாகும். “ஐ வில் செண்ட் த ரிப்போர்ட் பை ஃப்ரைடே” என்பதே சரி. வெள்ளிக்கிழமை மாலைக்குள் போய்விட்டாலும் அது “பை ஃப்ரைடே” தான். “பிஃபோர் ஃப்ரைடே” என்று எழுதிவிட்டால் வியாழனோடு கெடு முடிந்தது, கவனம்.

லீவுக் கடிதத்துக்கு இந்த வம்பே வேண்டாம். என்று போகிறோம், என்று திரும்பி வருகிறோம் என்ற இரண்டு நாளையும் எழுதிவிட்டால் யாராலும் தவறாகப் படிக்க முடியாது. “ஐ வில் பி ஆன் லீவ் ஃப்ரம் தர்ஸ்டே டு மண்டே. ஐ வில் பி பேக் அட் வொர்க் ஆன் டியூஸ்டே.” கிழமைக்குப் பக்கத்தில் தேதியும் போடுங்கள். ரயில்வேயில் கிழமை மட்டும் போட்டு எந்தத் தாளும் நகராது. நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுவதும் அதற்காகத்தான். 2 மணி என்றால் பகலா இரவா என்று கேட்க வேண்டியதில்லை, 14.00 என்றால் பகல்தான்.

வினைச்சொல்லின் காலத்துக்கு வருவோம். “நேற்றே அனுப்பியிருக்கிறேன்” என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அதை அப்படியே “ஐ ஹேவ் செண்ட் இட் எஸ்டர்டே” என்று மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் நேற்று, போன வாரம், காலை 10 மணிக்கு என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் “ஹேவ்” நிற்காது. “ஐ சென்ட் இட் எஸ்டர்டே.” அவ்வளவுதான். நேரத்தைச் சொல்லாவிட்டால் “ஐ ஹேவ் சென்ட் இட்” சரி. அதே போல “நேற்று அனுப்பியிருந்தேனே” என்பதிலிருந்து “ஐ ஹேட் சென்ட் எஸ்டர்டே” பிறக்கிறது. “ஹேட்” வேண்டுமானால் அதற்குப் பின் நடந்த இன்னொன்று பக்கத்தில் இருக்க வேண்டும்: “ஐ ஹேட் சென்ட் த ஃபைல் பிஃபோர் யூ கால்டு.” நீங்கள் கூப்பிடும் முன்பே அனுப்பிவிட்டிருந்தேன். இரண்டு நிகழ்ச்சி இல்லாத இடத்தில் “ஹேட்” போட்டால், படிக்கிறவர் அடுத்தது என்ன என்று காத்திருப்பார்.

“இரண்டு வருடமாக வேலை செய்கிறேன்” என்பதில் தமிழ் நிகழ்காலம்தான். ஆகவே “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்” என்று எழுதுகிறோம். “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்” என்று இருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்றால் “ஃபார்”, எப்போதிருந்து என்றால் “சின்ஸ்”. ஃபார் டூ இயர்ஸ், சின்ஸ் 2022. இந்த ஒன்றைப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு போல் ஒப்பிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, யார் என்ற கேள்வி. தமிழ் வினைச்சொல் தன் வாலிலேயே ஆளைச் சுமந்துகொண்டு வரும். “அனுப்பினேன்” என்றால் நான், “அனுப்பினார்” என்றால் அவர். ஆங்கிலத்தில் “சென்ட்” என்ற சொல்லுக்கு அந்த வால் கிடையாது. “இன்ஃபார்ம்டு டு ஸ்டோர்ஸ்” என்று எழுதினால் தெரிவித்தது யார்? நானா, மேஸ்திரியா, ராத்திரி ஷிப்டில் இருந்தவரா? பிற்பாடு சாமான் வரவில்லை என்று விசாரணை வந்தால் இந்த ஒரு சொல் பலரை இழுத்துவிடும். “ஐ இன்ஃபார்ம்டு த ஸ்டோர்ஸ்” என்று ஆளைப் போட்டு எழுத வேண்டும். “இன்ஃபார்ம்” என்ற சொல்லுக்குப் பின் “டு” வராது என்பதும் இதிலேயே அடக்கம்.

எழுத்தைச் சுருக்கும் பழக்கம் எங்கள் தலைமுறையிடமிருந்து வந்ததோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. ஆகவே நான், நீ எல்லாவற்றையும் வெட்டிவிட்டு “ஸ்டார்ட் இமீடியட்லி” என்று அடிப்போம். அதைப் பார்த்து வீட்டில் ஒப்பாரியே கிளம்பிவிடும். 2013 ஜூலையில் தந்தி சேவை நிறுத்தப்பட்டது. கைப்பேசிச் செய்தியில் ஒரு சொல் கூட எழுதினால் காசு ஏறப்போவதில்லை. எழுதலாமே.

“யார்” விஷயத்தில் இதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. தமிழில், “நான் நாளைக்கு வருகிறேன் என்று மேனேஜர் சொன்னார்” என்போம். வரப்போவது மேனேஜர் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும், அவர் சொன்னதை அவர் வாயாலேயே சொல்கிறோம். இதை, “மேனேஜர் டோல்டு தட் ஐ வில் கம் டுமாரோ” என்று எழுதினால் நாளைக்கு வரப்போவது எழுதியவர்! வாளையார் பக்கம் வேலை பார்த்தபோது எங்கள் பிரிவிலேயே இப்படி ஒரு கூத்து நடந்தது. அதிகாரி தாம் வருவதாகச் சொன்னதை ஒருவர் இப்படி எழுதி அனுப்ப, அதிகாரியை எதிர்பார்க்க வேண்டிய கேங் இந்த ஆளுக்காக டிபன் எடுத்துவைத்துக் காத்திருந்தது. “த மேனேஜர் செட் தட் ஹி வுட் கம் டுமாரோ” என்பதே சரி. “டோல்டு” போட வேண்டுமானால் யாரிடம் சொன்னார் என்பதும் சேர வேண்டும்: “ஹி டோல்டு மீ தட்…” ஆள் இல்லையென்றால் “செட்”.

மீதிச் சில்லறைத் தவறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். “டிஸ்கஸ்” என்றாலே “பற்றிப் பேசு” என்று பொருள், ஆகவே “டிஸ்கஸ் அபவுட்” வேண்டாம். எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், லக்கேஜ் இவற்றுக்குப் பன்மையில் “ஸ்” கிடையாது. “ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்” தவறு. பலரில் ஒருவர் என்பதால் “ஃப்ரெண்ட்ஸ்”. “டுடே மார்னிங்” என்பதற்கு “திஸ் மார்னிங்”. “மைசெல்ஃப் முருகன்” என்று தொடங்க வேண்டாம்; “ஐ ஆம் முருகன்” போதும். “ஐ ஹேவ் எ டவுட்” என்று எழுதினால் ஆங்கிலேயர், நம்மை நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைப்பார்; நாம் கேட்க விரும்புவது ஒரு “க்வெஸ்சன்” தான்.

“த” என்ற சின்னச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் அது இல்லாததால் நமக்கு அதன் அருமை தெரிவதில்லை. “செண்ட் எ ட்ராயிங்” என்றால் ஏதாவது ஒரு வரைபடம். “செண்ட் த ட்ராயிங்” என்றால் நாம் இருவரும் பேசிய அந்த வரைபடம். நான் ஒருமுறை “எ” போட்டு எழுதி, வேறு பாலத்தின் வரைபடம் வந்து சேர்ந்தது.

மரியாதையும் அப்படித்தான். “லீவு வேணுங்க சார்” என்பதில் அந்த “ங்க” எல்லாப் பணிவையும் பார்த்துக்கொள்கிறது. “ஐ வாண்ட் லீவ்” என்று மாற்றும்போது “ங்க” விழுந்துவிடுகிறது, அதிகாரம் மட்டும் மிஞ்சுகிறது. அந்த “ங்க” ஆங்கிலத்தில் “குட்”, “மே” என்ற சொற்களில் இருக்கிறது. “குட் ஐ டேக் லீவ் ஆன் ஃப்ரைடே?” என்று கேளுங்கள். அதன்பின் “ரெஸ்பெக்டட் சார்”, “கைண்ட்லி”, “ஹம்ப்ளி” என்று அடுக்க வேண்டியதில்லை.

இனி, தவறு என்று சொல்லி நம் பிள்ளைகளை அளவுக்கு மீறிப் பயமுறுத்தும் சில சொற்கள் உண்டு. “ப்ரீபோன்” என்றால் சிரிக்கிறார்கள். அது இந்தியாவில் வழங்கும் நல்ல சொல், ஆக்ஸ்போர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. “டூ த நீட்ஃபுல்” என்பது பழைய ஆங்கிலேயக் கச்சேரி வழக்கு. அங்கே தேய்ந்துவிட்டது, இங்கே உயிரோடு இருக்கிறது. நான் அதை எழுத வேண்டாம் என்பது வேறு காரணத்துக்காக. எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லாமல் “ஆவன செய்க” என்றால் எதிராளிக்கு என்ன தெரியும்? “ரிவர்ட்” என்பதற்கு ஆங்கிலத்தில் பழைய நிலைக்குத் திரும்புதல் என்று பொருள். வெளிநாட்டாருக்கு எழுதும்போது “ரிப்ளை” என்று போடுங்கள். நமக்குள் எழுதினால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. எங்கள் ரயில்வே ஆங்கிலத்திலேயே சிக்னல் “ஆன்” என்றால் நில், “ஆஃப்” என்றால் போகலாம் என்று பொருள். ஊருக்கெல்லாம் விளக்கு “ஆன்” ஆனால் வெளிச்சம், எங்களுக்கு “ஆன்” ஆனால் வண்டி நின்றுவிடும்! பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே பொருளில் புரிந்துகொண்டால் அந்தச் சொல் வேலை செய்கிறது.

இதற்கு ரயில்வேயிலேயே புகழ்பெற்ற ஒரு சாட்சி உண்டு. 1909-இல் வங்காளத்தைச் சேர்ந்த அகில் சந்திர சென் என்ற பயணி சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார. பலாப்பழம் தின்று வயிறு உப்பி, அகமத்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கப் போனாராம். அதற்குள் கார்டு விசிலடிக்க, ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் எல்லார் முன்னிலையிலும் விழுந்துவிட்டார். வண்டி போய்விட்டது. அந்தக் கார்டுக்கு அபராதம் போடாவிட்டால் பத்திரிகைகளுக்கு எழுதுவேன் என்று முடித்திருக்கிறார். கடிதத்தில் ஒரு வாக்கியம்கூட இலக்கணப்படி இல்லை. ஆனால் யார், எங்கே, என்ன நடந்தது, என்ன கேட்கிறார் என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. கீழ்வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு அந்தக் கடிதமே காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். நம் பிள்ளைகளில் பலர், தப்பாகிவிடுமோ என்று பயந்து அலுவலகக் குழுவில் வாயே திறப்பதில்லை. அவர்களுக்கு நான் இந்தப் பலாப்பழக் கதையைத்தான் சொல்கிறேன். எஸ்-நோ, நாள், ஆள் இந்த மூன்றையும் முதலில் சரி செய்யுங்கள். “த” விட்டுப்போனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரயில்வேயிலிருந்து இன்னொரு பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேஷன் மாஸ்டர்கள் இருவர் போனில் செய்தி பரிமாறும்போது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வார். அதன்பின் இரண்டு இலக்க எண் ஒன்றைக் கொடுப்பார்கள், அதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். அதை இருவரும் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார்கள். வெறும் “ஓகே” அங்கே செல்லாது. நீங்களும் பதிலில் செய்தியைத் திருப்பிச் சொல்லுங்கள். “நோட்டட், ஐ வில் செண்ட் த ரிப்போர்ட் பை ஃப்ரைடே, த 14த்.” உங்களுக்கு “ஓகே” மட்டும் வந்தால், “ஸோ ஐ வில் சீ யூ ஆன் டியூஸ்டே” என்று இன்னொரு வரி போட்டுப் பாருங்கள். எதிர்ப்பக்கம் வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

மூணாறுத் தம்பியின் கதையை முடிக்க வேண்டுமே. அன்று திண்ணையில் உட்கார்ந்து இருவருமாக அவர் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினோம். மன்னிப்புக் கடிதமாக எழுத அவர் முதலில் ஒப்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வந்த குழப்பம் எது, தாம் சொல்ல நினைத்தது எது, இனி எப்படி எழுதுவார் என்று மூன்றே வாக்கியம். பேச்சுவாக்கில், “உங்க ஊருக்கு ரயில் வந்திருந்தா நானே மூணாறு வந்திருப்பேன்” என்றேன். “எங்க ஊர்ல ரயில் இருந்துச்சுன்னு எங்க தாத்தா சொல்வாருங்க ஐயா” என்றார். உண்மைதான். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை ஏற்றிச் சென்ற குண்டளை பள்ளத்தாக்கு ரயில் 1924 வெள்ளத்தில் அடித்துப்போனது. இன்று இடுக்கி மாவட்டத்தில் ஒரு அடி ரயில் பாதைகூட இல்லை. பக்கத்தில் போடிநாயக்கனூர் வரைக்குமாவது 2023 ஜூனில் மறுபடி வண்டி வந்ததே என்று நம் ஏலத்தோட்டத்துச் சனங்கள் ஆறுதல் பட்டுக்கொள்கிறார்கள்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. நீட்டித்த மூன்று மாதத்தை ஒரு மாதமாகக் குறைத்துவிட்டார்களாம். கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: “ஐ வில் கம் டு செட்டூர் ஆன் சன்டே, த 9த். ஐ வில் ரீச் யுவர் ஹவுஸ் பை 11.00.” சித்தூர் “செட்டூர்” ஆகியிருந்தது. அதை நான் திருத்தவில்லை.

வீட்டில் செய்து பார்க்கச் சில பயிற்சிகள். இந்த வாக்கியங்களைத் திருத்தி எழுதவும்:

“ஐ ஆம் வெய்ட்டிங் ஹியர் சின்ஸ் டூ அவர்ஸ்.”

“த டிரைவர் டோல்டு தட் ஐ வில் ரீச் வாளையார் பை 17.00.” (வாளையாருக்கு வரப்போவது டிரைவர்.)

“ப்ளீஸ் கீப் த பில் ரெடி டில் 12.00.”

“இன்ஃபார்ம்டு டு ஆபீஸ் எஸ்டர்டே.”

“டிடின்ட் யூ கெட் த பார்சல்?” என்று கேட்கிறார்கள். பார்சல் உங்களுக்கு வரவில்லை. என்ன பதில்?

கடைசியாக, புதன்கிழமையிலிருந்து ஞாயிறு வரை, ஞாயிறும் சேர்த்து, உங்களுக்கு லீவு வேண்டும். மேலதிகாரிக்கு இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள்.

பிள்ளைகள் விடைகளைத் தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் சேர்க்கலாம். வருகிற 20-ஆம் தேதிக்குள். 20-ஆம் தேதியும் சேர்த்துத்தான். திருத்திய விடைகள் அடுத்த இதழில்.